கொல்ல வேண்டாம், கழுவினால் போதும்: வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்கினால் வன்னியில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், தடிமன், காலில் புண் என்று ஒன்று மாறி ஒன்று வரும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சவர்க்காரத்தையும், சில மருந்துப் போத்தலையும் பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். ‘கிருமிகளை அழிக்கும்’ என்று உறையில் போட்டிருக்கும் சவர்க்காரம்தான் வாங்குகிறோம். அதைப் பாவித்தால் பிறகு பிள்ளைகளுக்கு மருந்து வேலை செய்யாது என்கிறாள் வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை. சாதாரண சவர்க்காரத்துக்கு மாறினால் வயிற்றோட்டம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். யார் சொல்வது சரி? – ஒரு தாய், மல்லாவி

பதில்: தைரியமாக மாறுங்கள். அதனால் வயிற்றோட்டம் அதிகரிக்காது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2002, 2003 ஆண்டுகளில் கராச்சியின் குடிசைப் பகுதிகளில் ஒரு வருடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 300 வீடுகளுக்குச் சாதாரண சவர்க்காரம், 300 வீடுகளுக்கு ட்ரைக்ளோகார்பன் என்ற கிருமிநாசினி சேர்த்த சவர்க்காரம். இரண்டுக்கும் ஒரே மாதிரி உறை. எந்த வீட்டில் எது என்பது வீட்டாருக்கும் தெரியாது. கிழமைக்குக் கிழமை போய் பிள்ளைகளின் வருத்தங்களைப் பதிந்தார்கள். சவர்க்காரம் கொடுக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால், 15 வயதுக்குட்பட்டவர்களிடம் வயிற்றோட்டம் 53 வீதம் குறைவு, ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் நியுமோனியா 50 வீதம் குறைவு, தோல் சிரங்கு 34 வீதம் குறைவு. இவை சாதாரண சவர்க்காரம் பெற்ற வீடுகளின் கணக்கு. கிருமிநாசினி பெற்ற வீடுகளின் கணக்கும் ஏறத்தாழ இதுவே. பிள்ளைகளைக் காத்தது கழுவுதல். கிருமிநாசினி அதற்கு மேல் ஒன்றும் கூட்டவில்லை.

காரணம் எளிது. மீன் வெட்டிய கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினால் பிசுக்குப் போகாது. சவர்க்காரம் போட்டால் போகும். சவர்க்கார மூலக்கூறின் ஒரு நுனி எண்ணெயைப் பிடிக்கும், மறு நுனி தண்ணீரைப் பிடிக்கும். கையிலுள்ள எண்ணெய்ப் பசையில்தான் கிருமியும் ஒட்டியிருக்கிறது. தேய்க்கும்போது பசை கிளம்ப, கிருமியும் சேர்ந்து கிளம்பித் தண்ணீரோடு ஓடிவிடும். கொரோனா போலக் கொழுப்பு உறை கொண்ட வைரசுகளை அதே நுனி கிழித்தும் போடும். கிருமிநாசினியோ வேலை செய்ய நேரம் கேட்கும். ஏழு வயதுப் பிள்ளை கையில் நுரையை எத்தனை செக்கன் வைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தயாரிப்பாளர்களிடம் இரண்டு விடயங்களுக்கு ஆதாரம் கேட்டது: சாதாரண சவர்க்காரத்தைவிட இது மேலானதா, நாள்தோறும் நெடுங்காலம் பாவித்தால் பாதுகாப்பானதா? போதிய ஆதாரம் வரவில்லை. 2016 செப்டெம்பரில் ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உட்பட 19 இரசாயனங்களை வீட்டுப் பாவனைச் சவர்க்காரங்களில் சேர்க்கக் கூடாது என்று அறிவித்தது. அந்த விதி வைத்தியசாலைகளில் பாவிக்கும் கழுவிகளுக்கு அல்ல. சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவுவதும் கஞ்சி குடிக்க முன் கை கழுவுவதும் வேறு வேறு வேலைகள்.

இனித் தங்கை சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி சரி. மருந்துக்குப் பழகுவது பிள்ளையின் உடம்பு அல்ல, கிருமி. இந்த வித்தியாசம் முக்கியம். பக்டீரியா தன் மேற்சவ்வைக் கட்டக் கொழுப்புத் தேவை. அதைச் செய்யும் ஒரு நொதியத்தை ட்ரைக்ளோசான் போய் அடைத்துக்கொள்கிறது. 1998 இல் இது தெரியவந்தது. அந்த நொதியம் சற்றே உருமாறிய பக்டீரியா இருந்தால் அது தப்பிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் குளிசையும் காசநோய்க் கிருமியில் இதே குடும்பத்து நொதியத்தைத்தான் தாக்குகிறது. காசநோய்க் கிருமியின் தீங்கில்லாத உறவுக் கிருமி ஒன்றை ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தபோது, ட்ரைக்ளோசானுக்குத் தப்பியவற்றில் சில ஐசோனியாசிட்டுக்கும் தப்பின. இன்னொரு வழியும் உண்டு. கிணற்றில் மோட்டர் வைத்துத் தண்ணீர் இறைப்பது போல, சில பக்டீரியாக்கள் உள்ளே வந்த நஞ்சை வெளியே இறைத்துவிடும். சவர்க்கார மருந்தை இறைக்கப் பழகிய மோட்டர் அன்டிபயோட்டிக்கையும் சேர்த்து இறைத்துவிடும்.

மிகைப்படுத்தவும் கூடாது. நியூயோர்க்கில் 238 வீடுகளில் ஏறக்குறைய ஒரு வருடம் பார்த்ததில், கிருமிநாசினிச் சவர்க்காரம் பாவித்தவர்களின் கைகளில் மருந்துக்கு அடங்காத கிருமி அதிகரித்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த வீடுகளில் வருத்தமும் குறையவில்லை. ஆய்வுகூடத்தில் ஆபத்துத் தெரிகிறது, வீட்டில் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை, பலனோ எங்கும் தெரியவில்லை. பலனே இல்லாத ஒன்றுக்காகச் சிறிய ஆபத்தையும் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

மிஞ்சும் காசுக்கு இன்னொரு சவர்க்காரக் கட்டி வாங்கி மலசலகூடத்து வாசலில் வையுங்கள். பல வீடுகளில் சவர்க்காரம் கிணற்றடியில் இருக்கும், மலசலகூடம் வளவின் மூலையில் இருக்கும், நடுவே முப்பது அடி. இருட்டினால் பிள்ளை அந்த முப்பது அடியை நடக்காது.

கேள்வி: நான் சிறிய கடை வைத்திருக்கிறேன். 99.9 வீதம் கிருமியைக் கொல்லும் என்று எழுதியிருப்பதைத்தான் சனம் கேட்டு வாங்குகிறது. அந்த 99.9 எப்படி வருகிறது? உறையில் எதைப் பார்த்து வாங்கச் சொல்லலாம்? – புதுக்குடியிருப்பு

பதில்: ஆய்வுகூடத்தில் குறிப்பிட்ட சில கிருமிகளை, குறிப்பிட்ட நேரம் மருந்தில் விட்டு எண்ணிய எண் அது. சேறு படிந்த, கச்சான் எண்ணெய் பிசுக்கிய கையில் எண்ணியது அல்ல.

எண்ணையே எடுத்தாலும், பத்து இலட்சம் பக்டீரியாவில் 99.9 வீதம் செத்தால் ஆயிரம் மிஞ்சும். ஈரமும் சூடும் உணவும் தோதாக இருந்தால் ஈ.கோலை போன்றவை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்துத் தடவை இரட்டித்தால், அதாவது மூன்று மணி இருபது நிமிடத்தில், ஆயிரம் மீண்டும் பத்து இலட்சம். மிஞ்சிய அந்த ஆயிரம் எவை என்பதுதான் கேள்வி.

உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் இருந்தால் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். குளோரோசைலினோல், பென்சல்கோனியம் குளோரைட் இரண்டும் அமெரிக்கத் தடைக்குள் வரவில்லை. கூடுதல் தரவு கேட்டு அவற்றின் முடிவைத் தள்ளிவைத்தார்கள். தடை இல்லை என்பதால் தேவை உண்டு என்று ஆகாது. டி.எப்.எம் என்று ஒரு எண் போட்டிருந்தால் அது கட்டியில் உள்ள கொழுப்புச் சத்தின் வீதம். இந்தியத் தரத்தில் முதலாம் வகைக் குளியல் சவர்க்காரத்துக்கு அது 76 க்குக் குறையக் கூடாது. எண் கூடக் கூட, பொதுவாகக் கட்டி சீக்கிரம் கரையாது, தோலும் அவ்வளவு வறளாது. நிறம், வாசனை, உறையிலுள்ள வெள்ளைக் கோட்டுக்காரரின் படம் எல்லாம் விலையைக் கூட்டுவதற்கு.

கேள்வி: எங்கள் முன்பள்ளியில் 28 பிள்ளைகள். கிருமிநாசினித் திரவச் சவர்க்காரமும் சானிடைசரும் வாங்குவோம் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். குழாய் ஒன்றுதான். எவ்வளவு வாங்க வேண்டும்? – ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம், ரீச்சர். உங்கள் முன்பள்ளியில் குறைவது மருந்து அல்ல, குழாய். ஒரு பிள்ளை ஒழுங்காகக் கழுவ 40 செக்கன் பிடிக்கும். 28 பிள்ளைகள் ஒரு குழாயில் நின்றால் கிட்டத்தட்ட 19 நிமிடம். அதற்குள் கஞ்சி ஆறிவிடும், முன்னுக்கு நின்றவர் மண்ணில் விளையாடப் போய்விடுவார். அதனால்தான் எந்த முன்பள்ளியிலும் கடைசிப் பத்துப் பேர் கை நனைத்துவிட்டு ஓடுகிறார்கள். மூன்று இடம் இருந்தால் ஆறேழு நிமிடத்தில் முடியும்.

இரண்டு மிதி குழாய் செய்யுங்கள். ஒன்றுக்கு ஐந்து லீற்றர் வெற்றுக் கான் ஒன்று போதும். சமையல் எண்ணெய்க் கான் நல்லது, பூச்சிமருந்து அடைத்த கான் எவ்வளவு கழுவினாலும் கூடாது. கானின் மேற்பகுதியில், மூடிக்கு நான்கைந்து விரல் கீழே, சுட்ட ஆணியால் ஒரு துளை போடுங்கள். துளை இரண்டு மில்லிமீற்றர் போதும்; பெருத்தால் கான் பத்துப் பேரோடு காலி. கைபிடிக்குள் ஒரு தடியைச் செருகி, இரண்டு கவர்த்தடிகளை நட்டு அவற்றின் மேல் வையுங்கள். நிறைந்த கான் ஐந்து கிலோ கனக்கும். கவர்த்தடியை ஒரு முழம் ஆழமாவது புதைக்காவிட்டால் மாரியில் சரியும். மூடிக் கழுத்தில் கயிறு கட்டி, நிலத்தில் கிடக்கும் மிதிதடியோடு இணையுங்கள். மிதித்தால் கான் சாய்ந்து தண்ணீர் வரும், காலை எடுத்தால் நிற்கும். கழுவிய கையால் எதையும் திருகத் தேவையில்லை. துளை பிள்ளையின் நெஞ்சளவுக்கு வரட்டும். பெரியவர் உயரத்துக்குக் கட்டினால் தண்ணீர் முழங்கைக்குள் ஓடிச் சட்டை நனையும், அடுத்த நாள் பிள்ளை கிட்ட வராது. ஒருவருக்கு 150 மில்லிலீற்றர் என்று வைத்தாலும் ஒரு கான் முப்பது தடவைக்கு மேல் வரும். கீழே ஒரு அடிக் குழி தோண்டிக் கல்லும் கிரவலும் நிரப்புங்கள். தண்ணீர் தேங்கினால் நுளம்பு.

சவர்க்காரக் கட்டியை வெங்காய வலைப் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். வலை தேய்க்க நுரை வரும், தண்ணீர் வடிந்து கட்டி காயும், கரைந்து வீணாகாது. காகமும் தூக்காது; காகத்துக்குச் சவர்க்காரத்தில் இருக்கும் ஆசை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

காசு இன்னும் இறுக்கமென்றால், பங்களாதேஷில் சோதித்துப் பார்த்த சவர்க்காரத் தண்ணீர் இருக்கிறது. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் 30 கிராம் சலவைத் தூளைக் கரைத்து, மூடியில் துளை போட்டு, ஒவ்வொரு கைக்கும் சிறிது பீச்சிவிடலாம். வெளுக்கும் இரசாயனம் சேராத தூளாகப் பாருங்கள். கரப்பன் உள்ள பிள்ளைக்குக் கட்டிச் சவர்க்காரமே கொடுங்கள்.

திரவச் சவர்க்காரத்தில் ஒரு சிக்கல் உண்டு. முடியும் தறுவாயில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அதில் கிருமி வளராமல் இருக்கச் சேர்த்திருக்கும் பதனப்பொருள் அப்போது நீர்த்துவிடும். சூடோமோனாஸ் போன்ற பக்டீரியா அந்தப் போத்தலிலேயே குடித்தனம் தொடங்கும். பிறகு கழுவுவது கிருமிக் கரைசலில். பழையதன் மேல் புதியதை ஊற்றுவதிலும் இதே தவறு. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், முடிந்த போத்தலைக் கழுவி, கவிழ்த்து, நன்றாகக் காயவிட்டு நிரப்புங்கள்.

சானிடைசர் சுற்றுலா போகும் பஸ்சுக்கு. 60 வீதத்துக்குக் குறையாத மதுசாரம் இருக்க வேண்டும், கை காய்ந்திருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருக்கக் கூடாது. பாலைப்பழம் பொறுக்கிய கைக்கும் மணலில் உருண்ட கைக்கும் அது உதவாது. பூச்சி முட்டையையும் அது கொல்லாது. நாலு வயதுப் பிள்ளை இரண்டு மூன்று வாய் குடித்தால் இரத்தச் சீனி இறங்கி மயங்கிவிடலாம். விளக்கேற்றும் இடத்தில் தீயும் பிடிக்கும். பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

நேரம் சொல்லிக் கொடுக்க மணிக்கூடு வேண்டாம். நுரையோடு அ முதல் ஃ வரை ஆறுதலாக இரண்டு தடவை சொன்னால் இருபது செக்கன். முதல் தடவை உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. இரண்டாம் தடவை பெருவிரலும் நகக்கண்ணும். பிள்ளைகள் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான். எல்லோருக்கும் ஒரே துவாய் தொங்குகிறதென்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். கையை உதறிக் காயவிடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. அதனால்தான் கிருமிநாசினித் திரவம் பாவிக்கிறோம், அது நுரைக்கிறது. – வவுனியா

பதில்: நுரைப்பது அதன் கிருமிநாசினியால் அல்ல. உங்கள் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை கட்டிச் சவர்க்காரத்தின் கொழுப்போடு சேர்ந்து தயிர்த் திரை மாதிரிப் படியும். வாளி ஓரத்தில் சாம்பல் வளையமாக ஒட்டுவது அதுதான். திரவங்களில் பெரும்பாலும் செயற்கைச் சலவைப் பொருள் இருப்பதால் வன்னீரிலும் நுரைக்கும். கிருமிநாசினி சேராத சாதாரண கைகழுவும் திரவமும் அப்படியே நுரைக்கும், அதை வாங்குங்கள்.

கட்டியே பாவிப்பதென்றால் இன்னும் கொஞ்சம் கூடத் தேய்க்க வேண்டும், அலசும் தண்ணீரைக் கூட்ட வேண்டும். நுரை குறைவு என்பதால் கை கழுவுப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். படிந்த திரையை அலசாமல் விட்டால்தான் பிள்ளையின் தோல் வறண்டு கடிக்கும். தோலின் இயல்பு சற்றே அமிலம், பி.எச். 5 அளவு, கட்டிச் சவர்க்காரம் 9, 10, அதாவது காரம். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பன் உள்ள பிள்ளைக்குக் குளித்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காய முன், தேங்காய் எண்ணெயோ வெள்ளை வசிலினோ பூசுங்கள். மழைநீர்த் தாங்கி இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீரைப் பிள்ளையின் குளிப்புக்கு ஒதுக்குவது நல்ல யோசனை.

கேள்வி: ஒரே சவர்க்காரக் கட்டியை வீட்டில் எல்லோரும் பாவித்தால் கிருமி தொற்றாதா? – பரந்தன்

பதில்: தொற்றாது. 1988 இல் வேண்டுமென்றே கட்டிகளில் பக்டீரியாவைப் பூசி 16 பேரைக் கை கழுவ வைத்துப் பார்த்தார்கள். கழுவிய பின் யாருடைய கையிலும் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டியைத் தண்ணீரில் ஊறவிடாமல் வைத்தால் சரி.

கேள்வி: நுளம்பு கடித்த இடத்தைச் சொறிந்து மகனின் காலெல்லாம் புண். டெட்டோல் பூசிக் கழுவுகிறேன், ஆறுவதும் வருவதுமாக இருக்கிறது. – கனகராயன்குளம்

பதில்: புண்ணின் மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தால் அது பக்டீரியாச் சிரங்கு. டெட்டோல் திரவத்தில் 4.8 வீதம் குளோரோசைலினோல் இருக்கிறது. நீர்க்காமல் பூசினால் கிருமியோடு புதிதாய் வளரும் தோலும் எரிந்துபோகும். ஆறாமல் இழுபடுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நிறுத்திவிடுங்கள்.

காலையும் மாலையும் கொதித்தாறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் பத்து நிமிடம் பொருக்கின் மேல் வையுங்கள். ஊறிய பொருக்கைச் சாதாரண சவர்க்காரத்தால் மெல்லக் கழுவி எடுங்கள், உரிக்க வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்; இதை மட்டும் செய்தே பாதிப் புண் நின்ற பிள்ளைகள் உண்டு. துவாய், போர்வை தனியாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த அன்டிபயோட்டிக் களிம்பை வாங்கிப் பூச வேண்டாம். ஒரே களிம்பை விட்டு விட்டுப் பூசுவதால்தான் தோலிலுள்ள ஸ்டபிலோகொக்கஸ் என்ற பக்டீரியா அதற்கு அடங்காமல் போகிறது.

நான்கைந்து புண்ணுக்கு மேல் இருந்தால், காய்ச்சல் வந்தால், சிவப்புப் பரவினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: இவ்வகைப் புண் வந்து மூன்று முதல் ஆறு கிழமைக்குள் காலையில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றே போக வேண்டும். புண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா காரணமாகச் சிறுநீரகம் அழற்சி அடைந்திருக்கலாம். வீட்டில் இன்னும் இரண்டு பேர் இரவில் சொறிகிறார்களென்றால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும்.

கேள்வி: வயலில் இறங்குவதால் எலிக்காய்ச்சலுக்குக் குளிசை தருகிறார்கள். பிள்ளைகளும் வாய்க்காலில் விளையாடுகிறார்கள். அவர்களுக்கும் அதில் ஒன்றைக் கொடுக்கலாமா? அல்லது கிருமிநாசினிச் சவர்க்காரத்தால் குளிப்பாட்டினால் போதுமா? – துணுக்காய்

பதில்: இரண்டும் இல்லை. உங்களுக்குத் தருவது டொக்சிசைக்ளின், கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆளைப் பார்த்து, ஆபத்தைப் பார்த்துக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் அது. பிள்ளைகளுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. வளரும் பல்லில் நிரந்தரக் கறை விழலாம். நீங்கள் விழுங்கும்போதும் சாப்பிட்ட பின் ஒரு குவளை தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்க வேண்டாம்; குளிசை தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும்.

எலியின் சிறுநீரிலுள்ள கிருமி தண்ணீர் வழியாக வெட்டுக் காயத்தினூடும் கண், வாய் வழியும் நுழைகிறது. பிள்ளை வாய்க்காலில் நிற்கும்போதே நுழைந்துவிட்டால் பின்னேரம் எந்தச் சவர்க்காரத்தால் குளிப்பாட்டியும் வெளியே எடுக்க முடியாது. காலில் புண்ணுள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்காமல் இருப்பதுதான் தடுப்பு. காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், வயல் தண்ணீரில் நின்றதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு எழுதிய அமொக்ஸிசிலின் பாணி பாதி மீந்திருக்கிறது. அடுத்த தடிமனுக்கு வைத்துக்கொள்ளலாமா? – மாங்குளம்

பதில்: முடியாது. தடிமன் வைரசால் வருவது, அன்டிபயோட்டிக்குக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீர் கலந்த பிறகு இந்தப் பாணியின் ஆயுளும் குறைவு. பல போத்தல்களில் ஏழு நாள் என்று போட்டிருக்கும்.

சவர்க்காரத்தைப் பற்றி இத்தனை கடிதம் வந்தும் மருந்துப் போத்தலைப் பற்றி வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவே. ஆபத்தின் அளவு நேர் எதிர்மாறு. மருந்துக்கு அடங்காத பக்டீரியாவே நேரடிக் காரணமாக 2019 இல் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய் விடுவதில் மீந்த பாணிக்குள்ள பங்குக்கு முன்னால் சவர்க்காரம் சின்ன விடயம்.

பாணி மீந்தால் எப்போதும் தவறு உங்களுடையது அல்ல. பிள்ளைக்குத் தேவையானதைவிடப் பெரிய போத்தலாக இருக்கலாம். ஆனால் கலப்பதிலும் அளப்பதிலும் நடக்கும் தவறாலும் மீதி வரும். முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். கொதித்தாறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பின் கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையைத் தண்ணீர் என்று நினைத்துக் கோட்டோடு நிறுத்தினால் மருந்து கடுமையாகிவிடும். கலந்த திகதியைப் போத்தலில் பேனையால் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் குலுக்குங்கள்; குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் தெளிநீர், கடைசியில் சேறு. வீட்டுத் தேக்கரண்டி மூன்று மில்லிலீற்றரும் பிடிக்கும் ஏழும் பிடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கன்னத்தின் உட்பக்கம் விடுங்கள்.

டொக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். மீந்ததைக் கிணற்றடியிலோ மலசலகூடத்திலோ ஊற்றாதீர்கள். பார்மசியிலோ ஆஸ்பத்திரியிலோ திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் பழைய தேயிலைச் சக்கையும் மண்ணும் கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: குளித்த தண்ணீரை வாழைக்கு விடுகிறோம். கிருமிநாசினிச் சவர்க்காரமென்றால் பாதிப்பு உண்டா? – செட்டிகுளம்

பதில்: வாழை பட்டுப்போகாது. ஆனால் ட்ரைக்ளோசான் மண்ணிலும் சேற்றிலும் தங்கும் பொருள். மலக்குழிக்குள் போனால் அங்கே கழிவைச் செரிக்கும் பக்டீரியாவுக்கும் அது நல்லதல்ல. சாதாரண சவர்க்காரத் தண்ணீரை வாழைக்குத் தாராளமாக விடலாம்.

கேள்வி: நாய் கடித்தால் எந்தச் சவர்க்காரம்? – தர்மபுரம்

பதில்: கைக்கு எட்டுவது எதுவோ அது. துணி தோய்க்கும் கட்டியானாலும் சரி. விசர்நாய் வைரசுக்குக் கொழுப்பு உறை, சவர்க்காரம் அதைக் குலைக்கும். ஓடும் தண்ணீரில் மணி பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவி, கட்டுப் போடாமல், மஞ்சளோ எண்ணெயோ அப்பாமல் ஊசிக்கு ஆஸ்பத்திரி போங்கள்.

கேள்வி: கோழி தூங்கி விழத் தொடங்கினால் வீட்டிலிருக்கும் அன்டிபயோட்டிக் கூட்டை (கப்சியூல்) உடைத்துத் தவிட்டில் கலந்து வைப்போம். சில நேரம் தப்புகின்றன. இதில் பிழை உண்டா? – முள்ளியவளை

பதில்: உண்டு. கூட்டம் கூட்டமாகக் கோழியை விழுத்தும் ரானிக்கெட் ஒரு வைரஸ் நோய். கப்சியூலிலுள்ள தூள் அதைத் தொடாது. தப்பியவை தாமாகத் தப்பியவை. தூள் தொடுவது கோழியின் குடலிலுள்ள பக்டீரியாவை. பலவீனமானவை செத்து, அடங்காதவை மிஞ்சி, எச்சத்தோடு முற்றம் முழுக்கப் பரவும். ரானிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, மிருக வைத்தியர் பணிமனையில் கேளுங்கள். வைத்தியர் சொல்லி அன்டிபயோட்டிக் கொடுக்க நேர்ந்தாலும் அவர் குறிக்கும் நாள் முடியும் வரை அந்தக் கோழிகளின் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கோழிக் கூட்டுக்குள் கைவிட்டு முட்டை எடுக்கும் வேலை பெரும்பாலும் வீட்டின் சின்னவருடையதுதானே. கூட்டுக்குப் பக்கத்திலும் ஒரு வலைப்பையில் சவர்க்காரத்தைக் கட்டிவிடுங்கள்.